கூட்டுத் தோட்டத்தில் செடி படுத்துவிட்டதா? மருந்துக்கு முன் குழாயைப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பின் தோட்டக் குழாயில் ஒரு நாற்பது பக்க நோட்டைச் சணலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். யார், எந்த வரிசைக்கு, எத்தனை மணிக்குத் தண்ணீர் விட்டார்கள் என்று அதில் எழுத வேண்டும். தென்சென்னைப் புறநகர், 84 வீடுகள். பின்பக்கம் தரையில் ஆறு பாத்தி, மொட்டை மாடியில் நூற்றுச் சொச்சம் க்ரோ பேக் (செடி வளர்க்கும் பை). ஏழு வருடமாகப் புகார் எல்லாம் என் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது. "சார், செடிக்கு ஏதோ நோய் வந்திருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் எப்போதும் தொடங்கும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் நோயே இருக்காது. தனி வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு கை. இங்கே முப்பது கை. ஒன்று ஆளாளுக்கு ஊற்றுவார்கள், இல்லையென்றால் "யாராவது ஊற்றியிருப்பாங்க" என்று ஒருவரும் ஊற்ற மாட்டார்கள்.

அதனால் கீழே எந்த அறிகுறிக்குப் போனாலும் முதலில் நோட்டைப் புரட்டுங்கள். நோட்டே இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று வாங்கிக் கட்டுங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் பிடுங்கும் காரணம் கடைசியில்.

## செடி வாடுகிறது

மதியம் மட்டும் வாடி, சாயங்காலம் நிமிர்கிறதா? ஒன்றும் செய்யாதீர்கள். பூசணி, சுரை மாதிரி அகல இலைக்காரர்கள் சித்திரை வெயிலில் அப்படித்தான் தொங்குவார்கள். இதைப் பார்த்துப் பதறி மத்தியானம் ஊற்றுகிற வாளித் தண்ணீரில்தான் அடுத்த பிரச்சினை தொடங்குகிறது.

காலையிலும் வாடியே இருக்கிறதா? விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள்.

விரலில் மண் ஒட்டாமல் வந்தால் தாகம். க்ரோ பேக்கில் ஒரு சூது உண்டு: தென்னை நார்க்கழிவு நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து கீழே ஓடிவிடும், ஊற்றியவருக்குத் திருப்தி, செடிக்கு ஒரு சொட்டும் இல்லை. பையைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் விட்ட பிறகும் லேசாக இருந்தால் இதுதான். அரை லிட்டர் அரை லிட்டராக, கால் மணி நேரம் விட்டு விட்டு நான்கு முறை ஊற்றுங்கள். சின்னப் பையென்றால் தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.

விரல் சேறாக வந்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. பையின் அடித் துளைகளைப் பாருங்கள். தரையோடு ஒட்டி அடைத்திருக்கும், அல்லது பக்கத்து வேர் நுழைந்து அடைத்திருக்கும். துளையைக் குத்திவிட்டு, பையை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, மூன்று நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அதன் பிறகு லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (வேர் அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாத் தூள்) கலந்து வேரில் ஊற்றலாம். நோட்டில் அந்த வரிசைக்கு ஒரே நாளில் மூன்று கையெழுத்து இருந்தால் சூடோமோனாஸ் செலவும் வேண்டாம். கையெழுத்துப் போட்ட மூன்று பேரையும் கூப்பிட்டுப் பேசினால் போதும்.

மண் பதமாக இருக்கிறது, இலை பச்சையாகவே இருக்கிறது, ஆனால் தக்காளியோ கத்தரியோ இரண்டே நாளில் மொத்தமாகத் தலை தொங்கிவிட்டதா? ஒரு செடியை எடுத்துத் தண்டின் அடிப்பகுதியை வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டிய முனை தண்ணீரைத் தொடுகிற மாதிரி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் புகை மாதிரி வெள்ளையாக ஏதோ இழை இழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து இல்லை. செடியையும் பை மண்ணையும் மூட்டை கட்டி வெளியேற்றுங்கள், உரத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அந்தக் கத்தரிக்கோலைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடக் கூடாது. அதே பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். கீரையோ சோளமோ போடுங்கள்.

டம்ளரில் ஒன்றும் இறங்கவில்லையா? வேரைக் கழுவிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. அவரை, தட்டைப்பயறு வகையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அவற்றின் வேரில் இருக்கும் முடிச்சு நல்லது, தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தருவது. நகத்தால் நெருடினால் அது உதிர்ந்துவிடும், நூற்புழு முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருக்கும், உதிராது. தெரியாமல் நல்ல முடிச்சுக்கு வைத்தியம் பார்த்த கதையும் எங்களிடம் இருக்கிறது. நூற்புழு என்றால் வேப்பம்புண்ணாக்கு, ஒரு பட்டம் (ஒரு சாகுபடிப் பருவம்) துலுக்கச் சாமந்தி, அதன் பிறகுதான் காய்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒரே பாத்தியில் இரண்டு பட்டம் தொடர்ந்து வாடினால். ஒரு செடியை வேர் மண்ணோடு எடுத்துக்கொண்டு அருகிலிருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ போங்கள். போகிற வழியில் வாடிவிடாமல் ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோவது நல்லது. போனில் மட்டும் கேட்க வேண்டுமென்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

## இலை நுனியும் ஓரமும் கருகுகிறது

சென்னைக்காரர்களுக்கு இதுதான் தலையாய வியாதி. எனக்கு இரண்டு வருடம் பிடிபடாமல் இருந்ததும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புது நாற்று, நட்ட பத்து நாளில் கருகினால் கலவையைச் சந்தேகப்படுங்கள். தென்னை நார்க்கழிவுக் கட்டியைக் கழுவாமல் போட்டிருந்தால் அதிலிருக்கும் உப்பு வேரைச் சுடும். 5 கிலோ கட்டியை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, இன்னும் இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும். மக்காத தொழுவுரமும் இதே மாதிரிதான் சுடும். கையில் அள்ளினால் சாண வாசனை வந்தால் அது இன்னும் உரமாகவில்லை.

வளர்ந்த செடி, வெயில் காலத்தில், எல்லா வரிசையிலும் கருகினால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் (ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) கிடைக்கிறது. தோட்டக் குழாயில் பிடித்துப் பாருங்கள். பாசனத் தண்ணீருக்குப் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு இது: 450-க்குக் கீழே கவலை இல்லை. 450 முதல் 2000 வரை பார்த்து நடக்க வேண்டும். 2000-க்கு மேல் காய்கறிக்கு ஆகாது. பீன்ஸ் முதலில் படுக்கும், பீட்ரூட்டும் பாலக்கும் கடைசி வரை தாங்கும். எங்கள் போர்வெல் தண்ணீர் தை மாதம் 900 காட்டும், வைகாசியில் 1600 தாண்டும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் "சிக்கனம்" என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள், வீட்டுக்கு வரும் உப்பை இன்னும் காய்ச்சி ஊற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பார்த்து நடப்பது என்றால்: தினமும் மேலாகத் தெளிக்காமல், ஒருநாள் விட்டு ஒருநாள் அடித் துளையில் வழிகிற வரை ஊற்றுங்கள். மேலாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். பையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் அதுதான். 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர் மழைத் தண்ணீரோ லாரித் தண்ணீரோ மெதுவாக ஊற்றி உப்பை அலசிவிடுங்கள். ஐப்பசி மழை இந்த வேலையை இலவசமாகச் செய்து கொடுக்கும், அப்போது செடியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்துவிடாதீர்கள்.

மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியும் கருகினால், பம்ப் அறைக்குப் போங்கள். அங்கே உப்பு மூட்டை அடுக்கியிருக்கிறதா? அப்படியானால் உங்கள் கட்டடத்தில் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) இருக்கிறது. அது தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தைத் தள்ளும். மொத்த உப்பு ஏறக்குறைய அதே அளவுதான், ஆகவே மீட்டருக்குத் தெரியாது. தலைமுடிக்கும் வாஷிங் மெஷினுக்கும் சுகம், செடிக்கு விஷம். காசில்லாத சோதனை: இரண்டு பாட்டிலில் அரை அரை தண்ணீர், ஒன்றில் தோட்டக் குழாய், இன்னொன்றில் நேரடி போர்வெல் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்புத் துருவலைப் போட்டுக் குலுக்குங்கள். தோட்டக் குழாய்த் தண்ணீர் பொங்கிப் பொங்கி நுரைத்தால் உங்கள் செடி குடிப்பது சாஃப்ட்னர் தண்ணீர்.

எங்களுக்கு அது அப்படித்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு பட்டத்து வெண்டை போயிருந்தது. நானும் மூன்று விதமான கரைசல் வாங்கி அடித்து முடித்திருந்தேன்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பிளம்பர். சாஃப்ட்னருக்கு முன்பாகவே ஒரு தனிக் கிளை எடுத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சோடியம் ஏறிவிட்ட பாத்தி கல்லாக இறுகி, தண்ணீர் தேங்கி நிற்கும். அந்த மண்ணை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி, அவர்கள் சொல்கிற அளவு ஜிப்சம் போடுங்கள். கைக்கு வந்த அளவு போடாதீர்கள்.

எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. பூச்செடிக்கும் மரத்துக்கும் விடுங்கள். கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, பச்சையாகத் தின்கிற எதற்கும் வேண்டாம்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று கேளுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது.

அடி இலை மட்டும் என்றால் தழைச்சத்துப் பசி. முழுக்க நார்க்கழிவில் வளர்க்கிற பைகளில் இரண்டாவது மாதமே வந்துவிடும், ஏனென்றால் அதில் சத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. பைக்கு இரண்டு கை மண்புழு உரம், பதினைந்து நாளைக்கு ஒருமுறை. லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யா தெளிக்கலாம். அதற்காகப் பசித்த செடிக்கு வாரம் மூன்று முறை அடித்து ஒரே மாதத்தில் கொழுக்க வைக்க முடியாது.

கொழுந்து மட்டும் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும். காரத் தண்ணீர் விட்டு விட்டு வேரால் எடுக்க முடியாமல் போயிருக்கும். மேலே சொன்ன தண்ணீர்ப் பகுதிக்கே திரும்புங்கள்.

வெண்டையில் நரம்பு மஞ்சள், மற்ற இடம் பச்சை, பிஞ்சும் வெளிறிப்போகிறது என்றால் மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். குணமாகாது. "இன்னும் ரெண்டு காய் வரும் சார், பாவம்" என்று வைத்திருக்கும் ஒரு செடியிலிருந்துதான் மற்றது எல்லாம் கெடும். பிடுங்குங்கள். செடி உயரத்துக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள், சுற்றியுள்ள களையை எடுங்கள், அடுத்த முறை விதை வாங்கும்போது இந்த நோயைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். தாங்கும் ரகம் என்றால் வரவே வராது என்று பொருள் இல்லை.

## இலை சுருள்கிறது, பிசுபிசுக்கிறது, வெள்ளையாக அப்பியிருக்கிறது

இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து பார்த்துவிட்டு மருந்து கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

மிளகாய் இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டினால் நூல் துணுக்கு மாதிரி ஓடும். நீல ஒட்டும் அட்டை. கீழ்நோக்கிச் சுருண்டு இலை நீண்டு மெலிந்தால் சிலந்திப்பேன். வெயிலும் புழுதியும் சேர்ந்தால் வரும். இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், காலையில், தொடர்ந்து நான்கு நாள்.

எறும்பு வரிசையாக ஏறுகிறதா? மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. எறும்பு அதைப் பால்மாடு மாதிரி காவல் காக்கும். எறும்பு ஏறுகிற வழியை மறிக்காமல் பூச்சியை மட்டும் ஒழிக்க முடியாது. பந்தல் காலின் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தால் வாரம் ஒருமுறை கொட்டி நிரப்புங்கள், இல்லாவிட்டால் கொசுவுக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

வேப்பெண்ணெய் 5 மி.லி., கரைய வைக்கும் அளவு காதி சோப்பு, ஒரு லிட்டர் தண்ணீர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மட்டும். முதலில் ஒரு செடியில் அடித்து மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்த பிறகு மற்றதற்கு. ஆறு நாள் இடைவெளியில் மூன்று முறை. முட்டை பொரிந்து வருவதைப் பிடிக்கத்தான் இந்த இடைவெளி, ஒரே நாளில் மூன்று மடங்கு அடித்தால் அது நடக்காது.

பப்பாளியில் மாவுப்பூச்சி என்றால் கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பூச்சி இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டது 2008-இல் கோயம்புத்தூரில். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு நாட்டையே அலைக்கழித்தது, எந்த மருந்துக்கும் மசியவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து எறும்பை விடச் சின்ன ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அதில் அசரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி வேலையை முடித்துவிட்டது. இன்னும் அது நம் காற்றில் இருக்கிறது. மாவுக்குள் பழுப்பாக உப்பி, ஓட்டையோடு செத்த பூச்சிகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அப்போது எதையும் தெளிக்காதீர்கள், தண்ணீரைக் கூட.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இங்கே வேறு மாதிரி. இயற்கைத் தோட்டம் என்று தீர்மானம் போட்ட பிறகும் ஒருவர் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்து ராத்திரியோடு ராத்திரியாக அடித்துவிடுவார். வாடை வரும், தேனீ செத்துக் கிடக்கும். பாட்டிலைக் கண்டுபிடியுங்கள். லேபிளில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் பாருங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கும், அதுவரை அந்த வரிசையில் கயிறு கட்டி யாரும் பறிக்காதீர்கள். யாருக்காவது வாந்தி, தலைசுற்றல் என்றால் 108, போகும்போது பாட்டிலையும் லேபிளோடு கொண்டுபோங்கள்.

## பூக்கிறது, காய்க்கவில்லை

பூசணி வகையில் முதலில் வருவது ஆண் பூதான், பத்துப் பதினைந்து நாள் பொறுங்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் மாதிரி இருந்தால் பெண் பூ. அது மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. மாடித் தோட்டத்தில் ஐந்தாவது மாடிக்குத் தேனீ வருவது அபூர்வம். ஆண் பூவைப் பறித்து இதழைக் கழற்றி, பெண் பூவின் நடுவில் தடவுங்கள். நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் வெள்ளரியும் காலையில் விரியும், எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பீர்க்கும் சுரையும் சாயங்காலம்தான் விரியும். காலை வாக்கிங் போகிறவரிடம் பீர்க்கு வேலையை ஒப்படைத்துவிட்டு ஒரு மாதம் காய்க்காகக் காத்திருந்தோம்.

தக்காளியில் பூ கொட்டினால் காலண்டரைப் பாருங்கள். பகலில் 35 டிகிரி தாண்டி, இரவும் புழுங்கினால் பூ நிற்காது. நிழல்வலை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். சென்னையில் சித்திரையில் தக்காளி கேட்பது செடியின் குற்றம் இல்லை. ஆடியிலோ புரட்டாசியிலோ நாற்று விடுங்கள். நல்ல பருவத்திலும் கொட்டினால், காலை பத்து மணிவாக்கில் தண்டை லேசாகச் சுண்டிவிடுங்கள், மகரந்தம் உதிரும்.

கத்தரியில் சூல்தண்டு நீண்டு வெளியே தெரிகிற பூ காயாகும், குட்டையாக உள்ளே பதுங்கியிருக்கும் பூ உதிரத்தான் செய்யும். பாதி உதிர்ந்தால் கணக்கு சரிதான்.

செடி மட்டும் கரும்பச்சையாக ஆள் உயரம் போய், பூவே இல்லையென்றால் ஊட்டம் அதிகம். எல்லோரும் ஆளுக்கொரு கை உரம் போட்டிருப்பார்கள். உரத்துக்கும் நோட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

## காயில் கோளாறு

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அமுங்கினால் அது சுண்ணாம்புச்சத்துக் குறை, ஆனால் முட்டை ஓட்டைத் தேடி ஓடாதீர்கள், அது மண்ணில் கரையப் பல மாதம் ஆகும். இரண்டு நாள் காய விட்டு மூன்றாம் நாள் கொட்டித் தீர்ப்பதுதான் வழக்கமான காரணம். நோட்டைப் பார்த்தால் சனி ஞாயிறு காலியாக இருக்கும். மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) போட்டு, ஒரே சீராகத் தண்ணீர் விட்டால் அடுத்த குலை சரியாக வரும்.

கத்தரியில் நுனிக் குருத்து தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. குருத்தை ஒரு விரற்கடை கீழே வெட்டி, நசுக்கி எறியுங்கள். இதை வாரம் இருமுறை செய்தால் காய்க்குள் போகிறவை குறையும். பாத்தி பெரிதென்றால் இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது) வையுங்கள்.

## உரத்தொட்டி நாறுகிறது

செக்ரட்டரியிடமிருந்து போன் வருகிற ஒரே விஷயம்.

ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், காற்று இல்லை, அழுகல் முட்டை வாடை வரும். காய்ந்த இலையோ நார்க்கழிவோ கொட்டிக் கிளறுங்கள். பச்சைக் கழிவு ஒரு வாளி என்றால் காய்ந்தது இரண்டு வாளி. கண்ணை எரிக்கிற நெடி வந்தாலும் இதே வைத்தியம்தான். எறும்பு கூடு கட்டினால் நேர்மாறு, காய்ந்துபோய்விட்டது, தண்ணீர் தெளியுங்கள். சாம்பல் நிறத்தில் கொழுத்த புழுக்கள் நெளிந்தால் அலறி சுண்ணாம்புத் தூளைக் கொட்டாதீர்கள், அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு, மனிதரைக் கடிக்காது, நோய் பரப்பாது, உங்களை விட வேகமாகக் குப்பையைத் தின்னும்.

சமைத்த சோறும் மீன் முள்ளும் வந்தால் எலி வரும். எலி வந்த தொட்டியை வெறுங்கையால் கிளறக் கூடாது, எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. கம்பிவலை அடித்தும் நிற்கவில்லையென்றால் பூச்சி ஒழிப்பு ஆளைக் கூப்பிடுங்கள், விஷக் கட்டியை மட்டும் தோட்டத்துக்குள் வைக்க விடாதீர்கள். தொட்டியின் கழிவுநீர் சம்ப் பக்கம் ஓடினால் அன்றைக்கே தொட்டியை நகர்த்தி, சம்ப்பைக் கழுவி, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

மழை நாளில் உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தை வரும். ஈரச் சாக்கை விரித்து அடியில் பப்பாளி இலை போட்டு வைத்தால் ராத்திரி கூடும், கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். பாத்தியில் உப்பைத் தூவாதீர்கள். மூடாக்குக் குவியலில் பாம்பு தெரிந்தால் யாரும் வீரம் காட்ட வேண்டாம், தீயணைப்பு நிலையத்துக்கு 101.

## மொட்டை மாடிக்குக் கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம்

இந்தப் புகார் வந்த அன்றே பாதித் தோட்டங்கள் செத்துவிடும், ஆகவே வேகமாகச் செயல்படுங்கள்.

முதலில் மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள், சருகு அடைத்திருக்கும். பிறகு கைப்பிடிச் சுவர் விரிசல்களில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, கறைக்கு நேர் மேலே இருக்கும் பைகளை நகர்த்தி, ஐந்து நாள் அங்கே தண்ணீர் விடாமல் கீழ்வீட்டில் பென்சிலால் கறையைச் சுற்றி வரைந்து வையுங்கள். கறை அப்படியே நின்றால் காரணம் உங்கள் பை. வளர்ந்தால் குழாயோ பக்கத்துக் குளியலறையோ.

அடுத்தது பாரம். மனிதர் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. 12 அங்குலப் பையில் செம்மண் கலவை நனைந்தால் 25 கிலோ வரை போகும். நெருக்கி அடுக்கினால் ஒரு சதுர மீட்டரில் ஒன்பது பை, 225 கிலோ. ஒரு அடி ஆழத்துக்கு மண் கொட்டிப் பாத்தியே கட்டினால் அதே இடத்தில் 500 கிலோவைத் தாண்டும். ஆகவே நார்க்கழிவு அதிகம், மண் குறைவு. நடுவில் அடுக்காமல் சுவரும் பீமும் போகிற ஓரங்களில் வையுங்கள். மாடியில் செம்மண் லோடு ஏற்றுகிற யோசனை வந்தால் அதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விரிசல், துருப்பிடித்த கம்பி, பெயர்ந்த பூச்சு ஏதாவது ஒன்று தெரிந்தால் முதலில் பைகளை இறக்கிவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள். வாட்டர்ப்ரூஃபிங் ஆளை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

## ஆள் வருவதில்லை, காய் காணாமல் போகிறது

விதை நட்ட ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து பேர், போட்டோ, வடை. நான்காம் மாதம் மூன்று பேர். இதற்கும் எளிய காரணத்திலிருந்தே போகலாம்.

முறை யாருடையது என்று தெரியவில்லையா? "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்பதை அழித்துவிட்டு, வரிசைக்கு ஒரு வீடு, கிழமைக்கு ஒரு பெயர் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் குட்மார்னிங்குக்கு அடியில் புதைந்துவிடும், அதனால்தான் காகித நோட்டு.

முதல் பயிரே ஐந்து மாதம் எடுத்ததா? ஆசை ஆறிப்போயிருக்கும். சிறுகீரையும் முளைக்கீரையும் தூவுங்கள், மூன்று நான்கு வாரத்தில் ஆளுக்கு ஒரு கட்டு. கீரை வாங்கிப் போனவர் மறுவாரம் வருவார்.

காய் காணோமா? பெரும்பாலும் திருட்டு இல்லை, "நம்ம தோட்டம்தானே" என்று பறித்தது. இரண்டாவது பிளாக் மாமி ஒருமுறை என்னிடமே, "ஏண்ணா, ரெண்டு பச்ச மிளகாய்க்கு மீட்டிங் போடுவேளா?" என்று கேட்டார். போடவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணி பறிக்கிற நேரம் என்று வைத்தோம், தராசு வைத்தோம், நோட்டில் கையெழுத்து இருக்கிற வீடுகளுக்கு முதல் பங்கு. மீதியைத் தட்டில் வைத்துவிடுவோம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். செக்யூரிட்டிக்கும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று சத்தமாகச் சொல்லுங்கள், யாரும் கேட்காத நேரத்தில் தண்ணீர் விடுகிறவர்கள் அவர்கள்தான்.

இடமே யாருடையது என்ற கேள்வி வந்துவிட்டதா? அப்படியானால் பேச்சை நிறுத்திவிட்டுக் காகிதத்தை எடுங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கட்டும்போது பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்கலாம். வேலி போட்டு நாம் வெண்டை நட்டிருக்கும் "பின்பக்கப் பார்க்" அந்த நிலமாகவே இருக்கலாம். அங்கே வேலியும் சட்டப்படி நிற்காது, வெண்டையும் நிற்காது. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை அசோசியேஷனிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தப் பகுதி தனி நிறத்தில் காட்டியிருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கும் வரை ஒரு செங்கல் கூட வைக்காதீர்கள். நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை பைகளை நம் எல்லைக்குள் நகர்த்தி வைக்கலாம், பையில் வளர்ப்பதில் இது ஒரு வசதி. எங்கள் ஆறு பாத்தியில் இரண்டு இப்படித்தான் பையாக மாறின.